பணியிடை நீக்கம், பணிநீக்கம், சான்றிதழ் ரத்து: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம்

 

இம்மாதக் குடும்பப் பாடத்துக்கு, பேசுவதற்குக் கொஞ்சம் சங்கடமான ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆசிரியரே தவறு செய்தால் என்ன நடக்கும்? அவருடைய வேலையை யார் நிறுத்தலாம்? மறுபடியும் அவர் எந்த வகுப்பறைக்குள்ளும் நுழைய முடியாதபடி செய்ய வழி உண்டா? பெற்றோராகவும் ஜமாஅத்தாகவும் நம் கடமை என்ன?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம் பகுதிகளில் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் காலையில் பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன், மக்ரிபுக்கு முன்போ பின்போ மக்தப் என்று ஒரே நாளில் மூன்று ஆசிரியர்களிடம் போய் வருகிறார்கள். மூன்று இடத்திலும் நாம் ஒப்படைப்பது ஒரே அமானிதத்தைத்தான். ஆனால் இந்த மூன்று இடங்களுக்கும் சட்டம் ஒரே மாதிரி இல்லை. அதைத் தெரிந்துகொள்வதே இந்தப் பாடத்தின் முதல் நோக்கம்.

1. ஆசிரியருக்கு உரிமம் உண்டா?

மருத்துவர் தவறு செய்தால் மருத்துவக் கவுன்சில் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் இருக்கிறது. ஆசிரியர்களுக்கு நம் நாட்டில் அப்படி ஓர் உரிமமோ பொதுப் பதிவேடோ கிடையாது. பி.எட். அல்லது ஆசிரியர் பட்டயச் சான்றிதழ், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்கு டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வு ஆகியவையே நுழைவாயில். சிறுபான்மைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் டெட் கட்டாயமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியது.

பிற நாடுகளில் நிலைமை வேறு. இங்கிலாந்தில் ஆசிரியர் ஒழுங்குமுறை முகமை என்ற அரசு அமைப்பு இருக்கிறது. கடுமையான ஒழுங்கீனம் நிரூபணமானால் அந்த ஆசிரியர் கற்பிக்கவே கூடாது என்று தடை உத்தரவு வரும். வேலைக்கு எடுக்கும் முன் பள்ளிகள் அந்தத் தடைப் பட்டியலைப் பார்க்க வேண்டும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஆசிரியர்களின் பதிவேட்டை எந்தப் பெற்றோரும் பார்க்கலாம். உரிமம் ரத்தானால் அதுவும் அதிலேயே தெரியும்.

நம்மிடம் அது இல்லாததால் ஏற்படும் ஆபத்து என்ன? ஒரு தனியார் பள்ளியில் புகாரோடு வெளியேறியவர் அடுத்த மாதமே வேறொரு பள்ளியிலோ டியூஷன் சென்டரிலோ சேர்ந்துவிடலாம். அங்கே இருக்கும் பெற்றோருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

2. மூன்று சொற்கள், மூன்று பொருள்

செய்தித்தாளில் மூன்றையும் கலந்து படிக்கிறோம். பிரித்துப் புரிந்துகொள்வோம்.

பணியிடை நீக்கம் என்பது சஸ்பெண்ட். இது தண்டனை அல்ல. விசாரணை நடக்கும்போது சாட்சிகளை மிரட்டவோ ஆவணங்களைத் திருத்தவோ வாய்ப்பிருக்கக் கூடாது, பிள்ளைகள் அவர் முன்னால் உட்கார வேண்டிய நிலையும் வரக் கூடாது என்பதற்காக அவரைத் தள்ளி வைப்பது. இந்தக் காலத்தில் அவருக்குப் பிழைப்பூதியம் உண்டு. அரசு ஊழியர் ஒருவர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் அவர் பணியிடை நீக்கத்தில் இருப்பதாகவே கருதப்படுவார். இது முடிவில்லாமல் நீளவும் கூடாது. மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்கப்படாவிட்டால் பணியிடை நீக்கத்தை நீட்டிக்கக் கூடாது என்று அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது.

பணிநீக்கம் தண்டனை. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு 17(பி) பிரிவில் குறிப்பாணை கொடுத்து, விளக்கம் பெற்று, விசாரணை அதிகாரியை நியமித்து, அவருடைய தரப்பைக் கேட்ட பிறகுதான் இதைச் செய்ய முடியும். அரசமைப்புச் சட்டத்தின் 311ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு இது. குற்றவியல் நீதிமன்றம் தண்டித்துவிட்டால் அந்தத் தீர்ப்பின் அடிப்படையிலேயே நடவடிக்கை எடுக்கலாம். வழக்கு முடியும்வரை துறை விசாரணை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

சான்றிதழ் ரத்து கடைசிப் படி. தமிழ்நாட்டில் உரிமப் பறிப்புக்கு மிக நெருக்கமானது இதுதான். பள்ளிக் கல்வித் துறை 2012 மே 17 அன்று வெளியிட்ட அரசாணை எண் 121, மாணவ மாணவியரிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்தது நிரூபணமானால் கட்டாய ஓய்வு, பணிநீக்கம் போன்ற கடும் தண்டனையோடு அவருடைய கல்விச் சான்றிதழ்களையும் ரத்து செய்ய வேண்டும் என்கிறது. காரணம் எளிது. வேலை மட்டும் போனால் வேறு ஊரில் வேலை தேடலாம். சான்றிதழே போனால் ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டு எங்கும் போக முடியாது.

அரசாணை ஏட்டில் இருப்பது வேறு, நடைமுறைக்கு வருவது வேறு. 2025 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் 13 வயது மாணவி தொடர்பான வழக்கில் மூன்று ஆசிரியர்கள் கைதாகி, பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் பல ஆண்டுகளாகக் கிடப்பில் இருந்த பழைய புகார்களைத் துறை தூசு தட்டி எடுத்தது. பணிநீக்கமும் சான்றிதழ் ரத்தும் மறுபடி பேச்சுக்கு வந்தன.

3. உமர் (ரலி) காட்டிய முறை

புகார் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி நமக்கு அழகான வழிகாட்டி.

கூஃபாவின் ஆளுநராக இருந்தவர் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி). சுவனத்து நன்மாராயம் பெற்ற பத்துப் பேரில் ஒருவர். கூஃபாவாசிகள் சிலர் அவர்மீது உமர் (ரலி) அவர்களிடம் புகார் செய்தார்கள். ஒழுங்காகத் தொழ வைப்பதில்லை என்பதுகூட அதில் ஒன்று. உமர் (ரலி) என்ன செய்தார்கள்? "இவ்வளவு பெரிய ஸஹாபியைப் பற்றியா பேசுகிறீர்கள்?" என்று புகார் சொன்னவர்களை விரட்டவில்லை. ஸஅத் (ரலி) அவர்களைப் பொறுப்பிலிருந்து விலக்கி, அம்மார் (ரலி) அவர்களை நியமித்தார்கள். ஸஅத் (ரலி) அவர்களை அழைத்து நேரடியாக விளக்கம் கேட்டார்கள். தாம் எப்படித் தொழ வைத்தோம் என்று அவர் சொன்னதும், உங்களைப் பற்றி நான் நினைத்ததும் அதுதான் என்றார்கள்.

அத்தோடும் விடவில்லை. கூஃபாவுக்கு ஆள் அனுப்பி, ஒவ்வொரு பள்ளிவாசலாக விசாரிக்கச் செய்தார்கள். எல்லாரும் நல்லதையே சொன்னார்கள். பனூ அப்ஸ் கிளையாரின் பள்ளிவாசலில் மட்டும் ஒருவர் எழுந்து, ஸஅத் படையோடு போவதில்லை, பங்கீட்டில் நீதி இல்லை, தீர்ப்பில் நியாயம் இல்லை என்று குற்றம் சாட்டினார். அது பொய். அநீதி இழைக்கப்பட்ட ஸஅத் (ரலி) அவர்களின் துஆ அந்த மனிதரை முதுமையில் எப்படிப் பிடித்தது என்பதையும் அதே அறிவிப்பு சொல்கிறது. பின்னொரு நாள், தம் மரணத் தறுவாயில், ஸஅதை நான் விலக்கியது இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ அல்ல என்று உமர் (ரலி) எல்லாரும் அறியச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதில் நமக்கு நான்கு பாடங்கள். புகார் வந்தால் ஆள் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கேட்க வேண்டும். விசாரணை நடக்கும்போது அவர் அந்தப் பொறுப்பில் இருக்க வேண்டியதில்லை; விலக்கி வைத்ததாலேயே அவர் குற்றவாளி ஆகிவிடவும் மாட்டார். விசாரணை மூடிய அறையில் இரண்டு பேர் பேசி முடிப்பதல்ல. குற்றமற்றவர் என்று தெரிந்தால் அதை வாய்திறந்து சொல்வதும் கடமை. இன்றைய ஒழுங்கு நடவடிக்கை விதிகள் கேட்பதும் கிட்டத்தட்ட இதையேதான்.

4. "பேசி முடித்துவிட்டோம்" என்பது தீர்வல்ல

நம் சமுதாயத்தில் இப்படிப்பட்ட விஷயம் வந்தால் முதலில் எழும் குரல் என்ன? "பெண்பிள்ளை விஷயம், வெளியே தெரிய வேண்டாம்." அடுத்த நாள் நான்கு பெரியவர்கள் உட்காருவார்கள். வாத்தியார் மன்னிப்புக் கேட்பார். வேறு ஊருக்குப் போய்விடுவார். பிள்ளையின் படிப்பு நிற்கும். பதினெட்டு முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள். தவறு செய்தவருக்கு ஊர் மாற்றம், தவறே செய்யாத பிள்ளைக்குத் தண்டனை. இதை நீதி என்று அல்லாஹ்விடம் நாம் சொல்ல முடியுமா?

ராஜஸ்தானில் 2022இல் நடந்த ஒரு வழக்கை இங்கே அவசியம் சொல்ல வேண்டும். ஓர் ஆசிரியர்மீது மாணவியின் தந்தை பாலியல் புகார் கொடுத்தார். சில நாட்களில் இரு தரப்பும் சமரசமாகி, தவறான புரிதலால் புகார் கொடுத்துவிட்டோம் என்று எழுதிக்கொடுத்தார்கள். அதை ஏற்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. குடும்பமே ஒதுங்கிவிட்டது. ஆனால் அந்த வழக்கில் நேரடித் தொடர்பே இல்லாத உள்ளூர்க்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். ராம்ஜி லால் பைர்வா எதிர் ராஜஸ்தான் மாநிலம் என்ற அந்த வழக்கில், 2024 நவம்பர் 7 அன்று தீர்ப்பு வந்தது. குழந்தைக்கு எதிரான இத்தகைய குற்றம் இரண்டு குடும்பங்களுக்கு இடையிலான தனிப்பட்ட தகராறு அல்ல, சமூகத்துக்கே எதிரானது, சமரசத்தைக் காட்டி வழக்கை முடிக்க முடியாது என்று சொல்லி, வழக்கை மறுபடியும் உயிர்ப்பித்தது உச்ச நீதிமன்றம்.

அந்த உள்ளூர்க்காரர்கள் "நமக்கென்ன" என்று இருந்திருந்தால் வழக்கு அன்றே செத்திருக்கும்.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மக்ஸூமி கோத்திரத்துப் பெண்மணி ஒருவர் திருடிவிட்டார். உயர்குடிப் பெண் என்பதால் குறைஷியர் கவலைப்பட்டு, நபியவர்களின் பிரியத்துக்குரிய உஸாமா (ரலி) அவர்களைச் சிபாரிசுக்கு அனுப்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் கோபமுற்றார்கள். செல்வாக்குள்ளவர் தவறு செய்தால் விட்டுவிடுவதும், எளியவர் செய்தால் தண்டிப்பதுமே முன்னிருந்தவர்களின் அழிவுக்குக் காரணம் என்றார்கள். தம் மகள் ஃபாத்திமா (ரலி) ஆனாலும் தீர்ப்பு மாறாது என்றார்கள். ஆசிரியர் நிர்வாகியின் உறவினர், நன்கொடையாளரின் மருமகன், ஊரில் நல்ல பெயர் உள்ளவர் என்று சிபாரிசு வரும்போதெல்லாம் இந்த ஹதீஸ் நம் நினைவுக்கு வர வேண்டும். சொந்தங்களுக்கு எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்து நிற்கும்படி அல்குர்ஆன் 4:135 நம்மைப் பணிக்கிறது.

5. மறைத்தால் மறைத்தவரும் குற்றவாளி

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண், பெண் பிள்ளைகள் அனைவருக்கும் அது பொருந்தும். குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. சொல்லத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. தாளாளர், தலைமை ஆசிரியர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மதரஸா நிர்வாகியும் அறக்கட்டளைப் பொறுப்பாளரும் இதில் அடக்கம். 2024 ஆகஸ்டில் பர்கூர் அருகே தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாமில் நடந்த கொடுமையில், மாணவி சொன்னதை மறைத்ததாகப் பள்ளி முதல்வரும் நிர்வாகத்தைச் சேர்ந்தவரும்கூடக் கைதானார்கள்.

கல்வி நிறுவனத்திலோ மத நிறுவனத்திலோ வேலை செய்பவர் அங்குள்ள பிள்ளையிடம் இக்குற்றத்தைச் செய்தால் சட்டம் அதைக் கூடுதல் கடுமையான குற்றமாகவே வைத்திருக்கிறது. நம்பி ஒப்படைத்த இடத்தில் நடந்த துரோகம் என்பதே காரணம்.

6. நம் மக்தப்களும் டியூஷன்களும்

கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. ஆனால் 2012இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி மதரஸாக்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. 2014இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் விலக்கு அளித்தது. அப்படியானால் அங்கே பிள்ளைகளை அடிக்கலாமா? கூடாது. பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைத் தாக்கித் தேவையற்ற துன்பம் கொடுத்தால், 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 75ஆவது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. போக்சோவும் எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

மக்தப் உஸ்தாதுக்கு ரத்து செய்ய அரசுச் சான்றிதழ் எதுவும் இல்லை. டியூஷன் மாஸ்டருக்கும் அப்படித்தான். இங்கே உரிமம் கொடுப்பதும் பறிப்பதும் நாம்தான். எனவே நிர்வாகிகளுக்கு எங்கள் வேண்டுகோள்: உஸ்தாதை நியமிக்கும் முன் அவர் முன்பு வேலை செய்த மஹல்லாவுக்கு ஃபோன் செய்து, ஏன் விலகினார் என்று கேளுங்கள். உங்களிடமிருந்து விலகிய ஒருவரைப் பற்றி வேறு ஊர் ஜமாஅத் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். "நல்ல மனிதர்தான்" என்று மழுப்பி அனுப்பினால், அடுத்த ஊரில் நடப்பதற்கு நாமும் பதில் சொல்ல வேண்டிவரும். ஓதிக்கொடுக்கும் அறையின் கதவு திறந்திருக்கட்டும். தனியாக ஒரு பிள்ளையை நிறுத்தி வைக்கும் வழக்கம் வேண்டாம்.

நம் மஹல்லாக்களில் குறைந்த ஹதியாவில் இக்லாஸோடு பாடுபடும் ஹஜ்ரத்மார்கள்தாம் மிகப் பெரும்பாலோர். இந்த ஒழுங்குகள் அவர்களுடைய கண்ணியத்துக்கும் பாதுகாப்பு.

7. பிள்ளை வந்து சொன்னால்

முதலில், பதறாமல் கேளுங்கள். "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்காதீர்கள். திரும்பத் திரும்பத் துருவிக் கேட்கவும் வேண்டாம். சொன்ன வார்த்தையை அப்படியே, தேதியோடு எழுதி வையுங்கள். மெசேஜ், படம் எதுவும் இருந்தால் அழிக்காதீர்கள்.

இரண்டாவது, 1098 சைல்டு ஹெல்ப்லைன் அல்லது பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்கு அழையுங்கள். அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். நம் பகுதிகளில் பெரும்பாலானவை தாம்பரம் காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை அணியாத பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் பிள்ளையை வைத்திருக்கக் கூடாது. இவை போக்சோ தரும் உரிமைகள். தயங்காமல் கேளுங்கள்.

மூன்றாவது, ஆசிரியரின் வேலை தொடர்பான நடவடிக்கைக்குத் தனியாக மனு கொடுக்க வேண்டும். பள்ளி நிர்வாகத்துக்கும் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். காவல்துறை வழக்கு ஒரு பாதை, துறை நடவடிக்கை இன்னொரு பாதை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றது தானாக நடக்கும் என்று இருந்துவிட வேண்டாம். துறை விசாரணையில் பிள்ளையைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வார்களோ என்ற பயம் வேண்டாம். நவோதயா பள்ளி ஆசிரியர் ஒருவரின் வழக்கில், மாணவியை அப்படி வதைக்காமலே எடுத்த நடவடிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே ஏற்றுக்கொண்டது.

நான்காவது, பிள்ளையின் பெயரும் படமும் பள்ளியின் பெயரோடு வாட்ஸ்அப்பில் சுற்றக் கூடாது. அடையாளத்தை வெளியிடுவது குற்றம். ஆதரவு என்று நினைத்து அனுப்புகிறவர்களும் அந்தப் பிள்ளையைத்தான் காயப்படுத்துகிறார்கள்.

ஐந்தாவது, படிப்பை நிறுத்தாதீர்கள். பள்ளி மாற வேண்டியிருந்தால், கட்டணமோ ஆலோசனையோ தடையாக இருந்தால், நம் அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள். பெயர் வெளியே வராது.

8. ஆசிரியரின் மானமும் அமானிதம்தான்

நம் வீட்டுப் பெண்கள் பலர் இந்தப் புறநகர்ப் பள்ளிகளில் ஆசிரியைகள். மதிப்பெண் குறைந்த கோபத்திலோ, நிர்வாகத்துக்குள் நடக்கும் சண்டையிலோ கட்டிவிடப்படும் ஒரு பொய்ப்புகார் அவர்களுடைய வாழ்வையே சாய்த்துவிடும். செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி அல்குர்ஆன் 49:6 கட்டளையிடுகிறது. பெரியவர்கள் தீய நோக்கோடு பொய்ப்புகார் கொடுத்தால் போக்சோ 22ஆவது பிரிவிலும் தண்டனை உண்டு. பிள்ளைக்கு மட்டும் அந்தத் தண்டனை கிடையாது.

விசாரிப்பது சட்டம் பணித்தவர்களின் வேலை. நம் வேலை புகாரை அவர்களிடம் சேர்ப்பதும், முடிவு வரும்வரை நாவைக் காப்பதும்தான். குற்றமில்லை என்று தீர்ப்பானால், குற்றம் சாட்டிய அதே குரலில் அதையும் சொல்ல வேண்டும்.

குடும்பத்தோடு பேச:

• நம் பிள்ளையின் டியூஷன் ஆசிரியர் முன்பு எங்கே வேலை செய்தார் என்று நமக்குத் தெரியுமா?

• 1098, 14417 ஆகிய எண்கள் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடமா?

• நம் மஹல்லாவில் இப்படி ஒரு புகார் வந்தால், முதலில் யாருடைய மானத்தைப் பற்றி யோசிப்போம்?

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தைச் செல்வங்களைப் பாதுகாக்கவும், அவர்களுக்குக் கல்வி புகட்டும் ஆசிரியப் பெருமக்களைக் கண்ணியப்படுத்தவும், நமக்கே எதிரானாலும் நீதியில் நிலைத்து நிற்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.